அப்பா பிரித்த பொட்டலம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதி கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அதனால் எள்ளும் இல்லை, பிண்டமும் இல்லை; மதியச் சாப்பாடும் இந்த நினைவு மலர்ப் புத்தகமும் மட்டும்தான். இதற்காக உறவினர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சுளிப்பதற்கு வேறு விஷயம் கீழே இருக்கிறது.

அப்பா வாளையாருக்குத் தெற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். மலையாளப் பள்ளியில் எட்டாவது வரை படித்தார். கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்தி அந்த வறண்ட பூமியில் கடலையும் தென்னையும் வளர்த்தார். இளவயதில் அவரைப்போல் பக்தி உள்ளவர் எங்கள் பக்கம் கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவார். மாடு வாங்குவதென்றாலும் எங்கள் அம்மன் கோயிலில் பூ கேட்காமல் வாங்கியதில்லை.

பூ கேட்பது என்னவென்று வெளியூர் நண்பர்களுக்குத் தெரிந்திருக்காது. வெள்ளைப் பூ ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். கேட்க வந்தவர் பிரித்துப் பார்ப்பார். வெள்ளை என்றால் அம்மன் சம்மதம். சிவப்பு என்றால் வேண்டாம். எங்கள் கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. சிவப்பு வந்தால் அதை யாருக்கும் காட்டக் கூடாது. வாங்கியவரே கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை.

எனக்கு ஏழு வயதானபோது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்று பாலக்காட்டு டாக்டர் சொன்னார். அப்பா பூ கேட்கப் போனார். பொட்டலம் எடுத்தது நான். இடது பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அப்பா பிரித்தார், பார்த்தார், கையை மூடிக்கொண்டார்.

“செவப்புங்க” என்றார் பூசாரியிடம்.

அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகவில்லை. மந்திரித்த கயிறும் வேப்பிலையுமாக நான்கு மாதம் வலியில் கத்தினார். கடைசி வாரம் கத்துவதற்கும் தெம்பில்லாமல் இறந்தார்.

எடுத்த கை என் கை. உறவில் எனக்குச் ‘செவப்புக்கை’ என்று பெயர் வைத்தீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். பெரிய அத்தை மகள் கல்யாணத்தில் நான் தூக்கிய சீர்த் தட்டை அத்தை பாதியில் வாங்கிக்கொண்டார். “நீ எடுக்க வேண்டாங்கண்ணு, ஆராச்சும் எடுக்கட்டும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அம்மா போன பிறகு அப்பா வீட்டிலிருந்த சாமி படங்களையெல்லாம் கழற்றினார். பழனிக்குப் போவதை நிறுத்தினார். ஊரில் மலையாள வழக்கில் ‘யுக்திவாதி’, அதாவது பகுத்தறிவுவாதி, என்றார்கள். பெண்டாட்டியைக் காப்பாற்றாத சாமி மேல் கோபம் என்று எல்லோரும் நினைத்தோம். என்னைச் சாமி என்று கூப்பிடுவதை மட்டும் அவர் விடவில்லை.

அடுத்து அவர் செய்ததை யாரிடமும் நான் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, இரண்டு பூவை மடித்து முன்னால் வைப்பார்.

“உங்கம்மாளக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போலாமா? எடு சாமி.”

எடுப்பேன். மறுபடி மடிப்பார். ஒருநாள் பத்து முறை எடுத்ததில் ஆறு வெள்ளை வந்தது. “பாத்தியா, இது வெறும் பூவு. உங்கையில ஒரு தப்பும் இல்ல” என்றார். எனக்கு வைத்தியம் செய்வதாக அவருக்கு நினைப்பு. வெள்ளை வரும்போதெல்லாம் இது ஏன் அன்றைக்கு வரவில்லை என்று அழுதேன். அவருக்குத் தெரியாமல் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். போன வருடம் வரை கும்பிட்டேன்.

அப்பாவின் நல்ல குணங்களையும் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவருடைய ஜீப் வாசலில் வந்து நிற்கும். பூ கேட்டுவிட்டு வருகிறேன் என்றவரை, “பூவு வந்து ஆப்ரேசன் பண்ணுமா? ஏறு வண்டீல” என்று அதட்டி, செக்போஸ்ட் லாரி வரிசையில் ஹாரன் அடித்துக்கொண்டே கோயம்புத்தூர் போவார். இன்று உயிரோடு இதைப் படிக்கும் சிலர் அப்படிப் பிழைத்தவர்கள்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு காலை நான் கஞ்சி ஊட்டும்போது கையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: “அன்னிக்கு நீ எடுத்துக் குடுத்தது வெள்ளைப் பூவு சாமி.”

“ஏனுங்கப்பா, அப்பறம் எதுக்குச் செவப்புன்னீங்க?”

“எங்கண்ணன் ஆப்ரேசன் மேசை மேலயே போய்ட்டான். உங்கம்மாளையும் கத்தீல போட்டுருவாங்கன்னு பயம். செவப்பு வரோணும்னுதான் கேக்கவே போனேன். வெள்ள வந்துருச்சு. வாய் செவப்புன்னு சொல்லிப்போடுச்சு.” மூச்சு வாங்கினார். “சாமின்னு ஒண்ணு இருந்திருந்தா அங்கயே என்ற நாக்க அறுத்திருக்கோணும். சும்மா நின்னுச்சு. வாய்க்கால்ல பூவ உடறப்பவே தெரிஞ்சுபோச்சு, அங்க ஆரும் இல்லைன்னு.”

சாமி இல்லை என்று ஊரையே கூட்டிவைத்து வாதாடியவர், என் கை எடுத்தது வெள்ளை என்ற ஒரு வரியை முப்பது வருடம் சொல்லவில்லை.

“என்மேல கோவமா சாமி? மனசுல என்ன இருக்குதுன்னு சொல்லிப்போடு.”

அவர் வாயைத் துண்டால் துடைத்தேன்.

“செவப்புங்கப்பா” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் இறந்தார். இடையில் புரட்டிப் படுக்கவைத்தேன், மருந்து கொடுத்தேன். சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

அன்று எனக்குள் இருந்தது வெள்ளைதான். என் கை சரியாகத்தான் எடுத்தது என்று கேட்டதுமே பாதிக் கோபம் இறங்கிவிட்டது. இருந்தும், அவருக்கு வலிக்கட்டும் என்றே அப்படிச் சொன்னேன். என் நாக்கையும் யாரும் அறுக்கவில்லை. அப்பாவின் கொள்கைக்கு நான் வந்து சேர்ந்தது அந்தக் கட்டில் ஓரத்தில்தான்.

அப்பாவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், அவருடைய ஜீப்பிலேயே அவரைக் கொண்டுவந்து சேர்த்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் எங்கள் நன்றி. பெரிய அத்தைக்கும் நன்றி. அவர் காதில் விழுந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

இந்த மலருக்கு அச்சகத்தில் சிவப்பு அட்டை போட்டுக் காட்டினார்கள். வெள்ளையாக மாற்றச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நானே எடுத்துக் கொடுப்பேன், இந்தக் கையால். அத்தை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குத்தான் வெள்ளையைக் கொடுக்காமல் விட்டுவிட்டேன்.