கோமளாவும் அவள் பேச்சைக் கேட்காத முழங்காலும்

கோமளா இறந்த செய்தியை அவள் தம்பி மோகன்தான் போனில் சொன்னார். வைட்ஃபீல்டில் நான் இப்போது வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி சிக்னலில் நின்றிருந்தது. "சுந்தரி அக்கா, கோமளாக்கா போயிட்டாங்க" என்றார். நுரையீரலில் கிருமி தொற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியும். தேறிவிடுவாள் என்றே நம்பியிருந்தேன். பிறகு மோகன், "நேத்து சாயங்காலம்கூட டாக்டரை விடலக்கா. ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறக்கிட்டு, 'வலது பக்கம் மட்டும் ஏன் முதல்ல வந்துது?'ன்னு கேட்டாங்க. அவர் 'மாஸ்க்கைப் போடுங்கம்மா'ன்னு சத்தம் போட்டார்" என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவளோடு பழகிய உங்களுக்கு இது வியப்பாக இராது. 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. அப்படித்தான் தொடங்கினேன், வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓர் ஆஸ்பத்திரியில் பேத்தாலஜி மருத்துவர். நோயாளிகளின் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதித் தருவது என் வேலை. ஒருநாள் காலையில் தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு ஒரு பெண் என் அறைக்குள் வந்தாள். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உயிர்வேதியியலாளர் என்று சொன்னாள். பெயரைச் சொல்வதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"வீங்கின முட்டியில இருந்து தண்ணி எடுக்கறீங்களே, அதை அப்புறம் என்ன பண்றீங்க?"

"டெஸ்ட் முடிஞ்சதும் கொட்டிடுவோம்."

"ஐயோ, கொட்டாதீங்க! எனக்குக் குடுங்க."

ஹலசூரில் சில தலைமுறைகளாக வாழும் குடும்பம் அவளுடையது. அப்பா மாநிலப் பொதுப்பணித் துறையில் இருந்தவர். அவள் தமிழில் தொடங்கிய வாக்கியம் கன்னடத்தில் போய் முடியும். எனக்கோ கிருஷ்ணகிரித் தமிழ். ஒரு மாதத்திற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

நோயாளிகளிடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் நாங்களே அனுமதி கேட்டுவிடுகிறோம் என்றேன். அவள் ஒப்பவில்லை. "நான் கேக்கறேன். எதுக்குன்னு கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?" முதலில் கேட்கப்பட்டவர் முனியம்மா. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களுக்கு ஸ்க்ரூ முடுக்கும் வேலை. முடக்குவாதம் அவருடைய விரல்களையும் முழங்கால்களையும் பிடித்திருந்தது.

"இந்தத் தண்ணியில இன்னாம்மா தேடறீங்கோ?" என்று அவர் கேட்டார்.

கோமளா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கையில வெட்டுப்பட்டா எப்படி ஆறுது? பக்கத்துல இருக்கற செல்லுங்க 'வளரு, வளரு'ன்னு ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். ரத்தக்குழாயும் புதுசா வரும். ஆறினதும் சேதி நின்னுடும். உங்க முட்டிக்குள்ள அது நிக்காம வந்துட்டே இருக்கு. எந்தச் சேதி, யார் அனுப்பறதுன்னு பாக்கறேன்."

"கண்டுபுடிச்சா எனக்கு நல்லாயிடுமா?"

"தெரியாதும்மா. இதுல இருந்து மருந்து வர ரொம்ப வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம். வேணாம்னா தைரியமா சொல்லுங்க, உங்க வைத்தியத்துல ஒண்ணும் குறையாது."

முனியம்மா யோசித்தார். "கொட்டறதைத்தானே கேக்கறே, எடுத்துக்கோ. ஆனா கண்டுபுடிச்சா என்கிட்ட வந்து சொல்லணும்."

கோமளா 'சேதி' என்று சொன்னவற்றை வளர்ச்சிக் காரணிகள் என்று புத்தகங்கள் எழுதும். செல்கள் சுரக்கும் சின்னச் சின்னப் புரதங்கள். நல்ல மூட்டின் உள்சவ்வு மிக மெல்லியது. முடக்குவாதத்தில் அது தடித்து, மடிப்பு மடிப்பாக வளர்ந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துக்கொண்டு போகிறது. இப்படி வளரும் திசுவுக்கு ரத்தம் வேண்டும். புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும் காரணி ஒன்று உண்டு. நோயின் கடிவாளம் அதன் கையில்தான் என்பது கோமளாவின் எண்ணம். மூட்டுநீரில் அதன் அளவை அவள் பார்ப்பாள்; அதே நோயாளிக்கு அறுவை சிகிச்சை நடந்தால், சவ்வில் ரத்தக்குழாய்களை நான் எண்ணுவேன். சில ஆண்டுகள் இப்படிப் போயின. பெரும்பாலும் அவள் எதிர்பார்த்தபடியே வந்தது. அங்கே காரணி கூடினால் இங்கே குழாய்கள் மொய்த்தன.

இதற்கு நடுவில்தான் ஒருநாள் கேன்டீனில் டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடித்தாள். விரல் மடங்கவில்லை என்றாள். காலையில் எழுந்து வெகுநேரத்துக்குப் பிறகே கை வழிக்கு வருகிறதாம். நான் அவள் விரல்களை அழுத்திப் பார்த்தேன். முடக்குவாதம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கும் புரிந்திருந்தது. அவள் தன் கையையே உற்றுப் பார்த்தபடி சொன்னாள்:

"சுந்தரி, இங்க பாரு. அடிக்கணு வீங்கியிருக்கு, நடுக்கணு வீங்கியிருக்கு. நகத்துக்குப் பக்கத்துல இருக்கற கணு மட்டும் சும்மா இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே ரத்தம்தானே போகுது? இத்தனை வருஷமா இதை நாம ஏன் கேக்கல?"

அன்று வீட்டுக்குப் போய் அவள் அழுதாள் என்று பல நாள் கழித்து மோகன் சொன்னார். என்னிடம் அவள் காட்டிக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள், கண்டவர் முட்டித் தண்ணியைத் தொட்டதால்தான் வந்தது என்றார்கள். "தொத்தறதா இருந்தா முதல்ல சுந்தரிக்குத்தானே வந்திருக்கணும்?" என்று அவர்களை அடக்கினாள். மாத்திரைகள் தொடங்கின. ஆனாலும் நோய் வேகமாக வந்தது. கூடத்தில் திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டைப் பிடிக்க முடியாமல் உதவியாளர்களிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். கை பரபரக்கும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

வலது முழங்காலைத் திறந்து தடித்த சவ்வை எடுத்துவிட வேண்டும் என்று முடிவானபோது, சர்ஜனிடம் அவள் கேட்ட ஒரே சந்தேகம், எடுத்ததை எதில் போட்டு அனுப்புவீர்கள் என்பது. அவர் தயங்கினார். "மேடம், இது உங்க முட்டி." "அதனால என்ன சார்? மத்தவங்க முட்டியைக் கேட்டு வாங்கினவதானே நான்?" நெறிமுறைக் குழு அனுமதி தந்தது. மற்றவற்றைப் போலவே அதுவும் ஓர் எண்ணோடு எனக்கு வரும். யாருடையது என்று தெரியாமல் நான் எண்ண வேண்டும்.

அந்த வாரம் வந்த ஸ்லைடுகளில் ஒன்று என்னை நிறுத்தியது. சவ்வு பயங்கரமாகத் தடித்திருந்தது. செல்கள் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடந்தன. ஆனால் ரத்தக்குழாய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. அதே எண்ணின் மூட்டுநீரிலும் கோமளா நம்பிய காரணி சொற்பம். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தபோது அது கோமளாவுடையது.

கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தவளிடம் போய்ச் சொன்னேன்.

"இது கணக்குல வேணாம் கோமளா. நீ ஸ்டீராய்டு சாப்பிடறே. மருந்துதான் குழாய்களைக் குறைச்சிருக்கும்."

"மத்தவங்க சாப்பிடலையா?"

"சாப்பிட்டாங்க. ஆனாலும்…"

"சும்னே இரு சுந்தரி. முனியம்மாவோடது ஒத்துவரலைன்னா தூக்கிப் போடுவியா? மாட்டே. என்னோடதுன்னு தெரிஞ்சதாலதான் சொல்றே."

"இதைச் சேர்த்தா நீ சொல்ல வந்ததே ஆட்டம் கண்டுடும். இத்தனை வருஷ வேலை."

அவள் முகம் வாடித்தான் இருந்தது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "என் முட்டியே என் பேச்சைக் கேக்கல பாரு! குழாய் இல்லாமலே இவ்வளவு வளந்திருக்குன்னா, வேற எதுவோ வளக்குது. அது என்ன?"

கேட்கும்போதே அவள் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாக்கி இருந்த மூட்டுநீரில், சவ்வுச் செல்களையே பெருகச் சொல்லும் இன்னொரு காரணியைப் பார்க்கச் சொன்னாள். அது அவளிடம் மிக அதிகமாக இருந்தது. பழைய சாம்பிள்களை மறுபடி எடுத்தோம். ஒத்துவராமல் ஓரமாக நின்ற இன்னும் சிலரிடமும் அப்படியே இருந்தது. "ஒரே பேர்ல நாம கூப்பிடற நோய், உள்ளே ரெண்டு மூணு நோயோ?" என்று கேட்டாள். உறுதியாகச் சொல்ல எங்களிடம் போதிய சாம்பிள்கள் இல்லை. கட்டுரை தாமதமாக, நாங்கள் ஆசைப்பட்டதைவிடச் சிறிய இதழில், அடக்கமான முடிவோடு வெளிவந்தது. அவளுடைய முழங்காலும் அதில் இருந்தது.

சொன்ன சொல்படி முனியம்மாவிடம் போய், "நான் நினைச்சதுல பாதிதாம்மா சரி" என்றாள். முனியம்மா அவளுடைய விரல்களைத் தன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உனக்கும் வந்துடுச்சா கண்ணு" என்றார். அன்று கோமளா எதையும் கேட்கவில்லை. இருவரும் வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புது ஊசிகள் வந்தன. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுப்பவை. அவளுக்கும் போட்டார்கள், வலி குறைந்தது, வளைந்த விரல்கள் வளைந்தபடியே இருந்தன. "வலி போச்சு சரி, அந்த வளரு சேதி நின்னுச்சா இல்லையா?" என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது, வைக்க இடமில்லை என்று பழைய ஸ்லைடுகளைக் கழித்தார்கள். அவளுடையதை என்ன செய்வது என்று போனில் கேட்டேன். "நீ வச்சுக்கோ. என்னால மைக்ராஸ்கோப் திருக முடியல. உனக்கு ஏதாவது புதுசா தெரிஞ்சா சொல்லு" என்றாள்.

மோகன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அஸ்தியைக் கரைத்துவிட்டுத் திரும்பிய அன்று அந்த ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. செல்கள் தெளிவாகவே இருந்தன. அவள் உடம்பில் மிஞ்சியது, நெருப்பும் ஆறும் தொடாத அந்தத் துளிச் சவ்வு. அது என்னிடம் இருக்கிறது. குழாய் இல்லாமல் எப்படி வளர்ந்தாய் என்று அதனிடம் கேட்டபடி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.