ஒட்டியாணம் கட்டிய தகப்பன்

எங்கள் வீட்டு அலுமாரியில் அம்மாவின் தகப்பன் பெண்ணாகத்தான் இருந்தார். நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, இடுப்பில் ஒட்டியாணம், தோளுக்கு முன்னால் தூக்கிப் போட்ட சவரிப் பின்னல். பின்னால் யாரோ துணியில் வரைந்த மாளிகைத் தூண். இரண்டு உலகப்போர்களுக்கும் நடுவில் நாடக மேடைகளில் பெண்வேடம் கட்டி ஆடியவர். அந்தக் காலத்து நாடகக்காரர் ஸ்டூடியோவுக்குப் படம் பிடிக்கப் போவதென்றால் வேடத்தோடுதான் போவார்கள். வேடமில்லாத முகம் யாருக்கு வேண்டும்? அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவர் காய்ச்சலில் போய்விட்டார். வேறு படம் இல்லை.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பார்கள், தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு. கலியாணம் முடித்த புதிதில் அம்மா அந்தப் படத்தை வைத்துத்தான் அமாவாசைக்குப் படைத்தாராம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உவா உங்கடை அம்மாவோ? அம்மாவுக்குச் சித்திரா பௌர்ணமிக்கெல்லோ பிடிக்கிறது?" என்று கேட்டாள். விளக்கம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றோடு படம் அலுமாரிக்குள் போனது. பிறகு வருசா வருசம் வெறும் விளக்குக்கு முன்னால்தான் படையல். ஆனாலும் இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தை மறக்காமல் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அம்மாதான்.

போன வருசம் கண் டொக்டர், இருக்கிற பார்வையும் நிற்காது என்று சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. "கண் போறதுக்கு முன்னம் அப்பாவை ஒருக்கால் ஆம்பிளையாப் பாக்கவேணும்" என்றார்.

கோப்பாயிலிருந்து ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணத்துக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் படத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அம்மா, உங்கடை இளவயசுப் படமோ?"

"அது என்ரை அப்பா" என்றார் அம்மா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

மனுசன் நல்லவர், சிரிக்கவில்லை. கொம்பியூட்டரில் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய இடத்தில் ஒன்றுமில்லை. சுட்டிக்குக் கீழே நெற்றி இல்லை, சவரிக்குக் கீழே காது இல்லை, கன்னத்தை அரிதாரம் தின்றிருந்தது. "மிச்சத்தை இது தானாப் போடும், அக்கா" என்று என்னிடம் சொன்னார். அது தானாகத்தான் போட்டது. நெற்றி, காது, மீசை, வேட்டி, சால்வை. போட்டு முடிந்தபோது மூக்கும் வாயும்கூட வேறு யாருடையதோ. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா படத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, "அப்பா" என்று விம்மத் தொடங்கிவிட்டார். நான் காசை எடுத்துக் கொடுத்தேன்.

ஆடி அமாவாசைக்குப் படம் மாலையோடு வெளியே வந்தது. சாப்பிட வந்தவர்கள் "நல்ல களையான மனுசன்" என்றார்கள். அம்மாவின் பெருமையைப் பார்க்கவேண்டுமே!

அடுத்த நாள் காலை குசினிக்குள் போனேன். அடுப்பில் பழைய படத்தின் மட்டை சுருண்டு எரிந்துகொண்டிருந்தது. முகம் இருந்த பக்கம் ஏற்கெனவே போய்விட்டது.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"அப்பாதான் வந்திட்டாரெல்லோ. இனி உது ஆருக்கு? நான் செத்தாப் பிறகு நாலு பேர் பாத்துச் சிரிக்கவோ?"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? ஸ்டூடியோவுக்குப் போன் எடுத்தேன். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். என் போனில் ஒரு படம் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் பேஸ்புக்கில் போய்விடும் என்று அம்மா கடைசிவரை விடவில்லை.

இப்போது அம்மாவுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. நேற்றுப் படத்தின் கண்ணாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"பிள்ளை, நான் அப்பாவைப்போலையோ?"

"ஓம் அம்மா, உரிச்சு வைச்ச மாதிரி" என்றேன்.

வேறென்ன சொல்ல? படத்தில் இருக்கிற அந்த ஆள் யாரென்று எனக்கும் தெரியாது, ஸ்டூடியோக்காரருக்கும் தெரியாது. உலகத்தில் அப்படியொருவர் பிறந்ததேயில்லை. வருகிற அமாவாசைக்கும், அன்றைக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய் பொரித்து, அவருக்குத்தான் படைக்கவேண்டும்.