மெல்லிய கவர்

எழுபதுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலைத் தபாலாபீசில் குமாஸ்தா. மாதம் ஒருமுறை ஒல்லியான ஓர் அம்மா, கூடையில் கீரைக்கு அடியில் கதை வைத்த கவரை மறைத்துக்கொண்டு வருவார். பத்திரிகைக்கு எழுதுவது கணவருக்குத் தெரியாது. தராசு முள் அசையாமல் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“பதில் வந்தா வீட்டுக்கு அனுப்பிடாதீங்க சார், நானே வந்து வாங்கிக்கறேன். ஒரு கதை அச்சுல வந்துட்டா போதும், இனிமே எழுத்துதான் என் வேலைனு அவர்கிட்ட தைரியமா சொல்லிடுவேன்.”

ஏழெட்டுக் கதைகள் கனமான கவர்களில் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் ரகசியமாகக் கொடுத்தேன். தீபத்துக்கு முந்தின வாரம் காய்ச்சலில் லீவு போட்டேன். யாரிடமாவது சொல்லிவைக்க மறந்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து, கடிதம் மட்டும் இருந்த மெல்லிய கவர் ஒன்று வந்தது. ஏற்றுக்கொண்டால்தான் அப்படி வரும். தபால்காரர் அதைக் கணவர் கையில் கொடுத்திருக்கிறார். மேலே பத்திரிகையின் பெயரைப் பார்த்ததும், பிரிக்காமலே வாசலில் கிழித்துப் போட்டாராம்.

பல மாதம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். கணவர் தபால்தலைக்குப் பசை தடவ நகர்ந்தபோது கேட்டேன்.

“என்னாலதாம்மா இப்படி ஆயிடுச்சு. இப்பவும் எழுதறீங்களா?”

“எழுதறேன் சார். அனுப்பறதில்ல.”

கணவர் திரும்பி வந்ததும் அந்த அம்மா ஓர் இன்லாண்டு லெட்டர் கேட்டார், என்னை முன்பின் பார்த்திராதவர்போல.