ஏ பக்கத்தின் கடைசி நிமிடங்கள்

என் கணவரின் பெயரை யாராவது கேட்டால் நான் காகிதம் தேடுவேன். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது மாறவில்லை. நான் அறை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரி எடித், ஒரு நாள் தேநீர் ஊற்றிக்கொண்டே, “உன் வீட்டுக்காரர் பெயர் என்ன, லவ்?” என்றாள். இந்த ஊரில் பஸ் கண்டக்டர் முதல் கறிக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் எல்லோரும் ‘லவ்’தான். நான் பால்காரரின் சீட்டைத் திருப்பி, பழனிவேல் என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். அவள் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தொண்டை சரியில்லையா?” என்றாள். எங்கள் பக்கம் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றேன். “ஐயோ பாவம், அவ்வளவு மோசமானவரா?” என்றாள்.

சிரிக்காதீர்கள். நான் படித்தவள். ஏற்காட்டில் கான்வென்ட், சேலத்தில் நர்ஸிங், இங்கே வார்டில் டாக்டரிடமே ‘இந்த மருந்து வேண்டாம்’ என்று வாதாடுகிறவள். ஆனால் ஏற்காட்டுப் பக்கம் கொட்டச்சேட்டில் காப்பியும் மிளகும் போடுகிற ஒரு வீட்டில் பிறந்தேன். தோட்டத்தில் நிற்கும் அப்பாவைக் கூப்பிட வேண்டுமானால் என் அம்மா என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். எழுதினால் தோஷமில்லை, சொன்னால்தான். இப்படியொரு வாயோடு ஒரு பெண் விசா விஷயத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு அருகே ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாமனார் வீடு அதே மலையில், தலைச்சோலையில். நாற்பது நாள் குடித்தனம், பிறகு நான் விமானமேறிவிட்டேன். அவர் என்னோடு வந்து சேர விண்ணப்பம் போட்டோம். பெண்டாட்டி பின்னால் புருஷன் போவதைக் கடைவீதி லேசில் விடுமா? “என்ன பழனி, சீமைக்கு வாக்கப்பட்டுப் போறியாமா? பொறந்த ஊட்டுச் சீரெல்லாம் கட்டியாச்சா?” என்று டீக்கடையில் கேட்டார்களாம். அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

இனி கடிதங்கள். நான் வாரம் தவறாமல் எழுதினேன், ஆனால் மாமனாருக்கு. வீட்டுப் பெரியவருக்குத்தான் எழுத வேண்டும், அதை வீடே கூடி உட்கார்ந்து கேட்கும். அதில் மாமாவின் கால் வீக்கம், அத்தையின் இருமல், மிளகுக் கொடி, கறவை மாடு எல்லாம் இருக்கும். கடைசி வரிக்கு முந்தைய வரியில், ‘அவங்க நேரத்துக்குச் சாப்பிடறாங்களா’ என்று ஒன்று இருக்கும். அந்த ஒரு வரியை எழுதத்தான் மீதி இரண்டு பக்கமும்.

மற்றதையெல்லாம் ஒரு கேசட்டில் பேசினோம். தொண்ணூறு நிமிடக் கேசட், ஒன்றே ஒன்று. ஏ பக்கம் எனக்கு, பி பக்கம் அவருக்கு. நான் பேசி அனுப்புவேன். அவர் கடைக் கதவைப் பாதி இறக்கி வைத்துக் கேட்டுவிட்டு, தன் பக்கத்தில் பேசித் திருப்பி அனுப்புவார். நான் அதைக் கேட்டுவிட்டு, என் பழைய பேச்சின் மேலேயே புதிதாகப் பேசுவேன். ஏன் ஒரே கேசட் என்றால், தலைச்சோலை வீட்டில் இரண்டாவதாக ஒரு கேசட் கிடந்தால் யாராவது போட்டுக் கேட்டுவிடுவார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அடுத்த மாதமே அழிந்துபோக வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மெட்ராஸில் அவருக்கு இன்டர்வியூ முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டில் காதர் பாய் மளிகைக் கடையிலிருந்து டிரங்க் கால் போட்டார். எடித்தின் வீட்டு நடையில், போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“ஏம்புள்ள, கேக்குதா?”

“கேக்குதுங்க. என்னாச்சுங்க?”

பின்னால் பாயின் குரல். “அட, மெதுவாப் பேசுங்க மாப்ள. நீங்க கத்தற கத்துக்குப் போனே வேண்டாம், லண்டனுக்கே கேக்கும்.”

“கடுதாசி இருந்தாக் காட்டுன்னாங்க, புள்ள. அப்பா பொட்டியில இருந்ததையெல்லாம் அள்ளிட்டுப் போயி மேசை மேல வெச்சேன். அந்த இங்கிலீசுக்காரருக்குச் சொல்றதுக்கு ஒரு மெட்ராஸ் அம்மா இருந்தாங்க. அவங்க ஒண்ணொண்ணாப் படிச்சாங்க. இதெல்லாம் உங்கப்பனுக்கு எழுதுனது, உனக்கு எழுதுனது எங்கேன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இதுதானுங்க எனக்கு எழுதுனதுன்னேன். உம்பேரே ஒரு எடத்துலயும் இல்லையேன்னாரு. சீமைக்குப் போறதுக்காகத்தானே கட்டிக்கிட்டேன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டாரு, புள்ள. நொம்பச் சங்கடமாப் போச்சு. கேசட் ஒண்ணு இருக்குதுங்கன்னு வாய்விட்டுட்டேன். ஆறு வாரத்துக்குள்ள கொண்டான்னாங்க. இல்லீன்னா பைலை மூடிருவாங்களாமா.”

கேசட் என்னிடம் இருந்தது. அறைக்கு ஓடி, முதலில் பி பக்கத்தைப் போட்டேன். அவர் பேசியது. காப்பி பூத்து மலையே மணக்கிறது, லேக் பக்கம் மூடுபனியில் ஒரு ஜீப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, பாய் புது ரேடியோ வாங்கிவிட்டு வாங்கவில்லை என்கிறார். நல்ல பேச்சுதான், ஆனால் அதைத் தம்பிக்குக்கூடப் பேசலாம். திருப்பி, என் பக்கத்தைப் போட்டேன். என் குரலை நானே கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. பனியைப் பற்றி, புதுக் கோட்டைப் பற்றி, ‘இங்க எல்லாம் சௌகரியமா இருக்குதுங்க’ என்று நாற்பது நிமிடம். பிறகு ஒரு ‘டக்’. அதற்குப் பின்னால் யாரோ அழுதார்கள்.

நான்தான். கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் குளிர்காலத்தில், காய்ச்சலில் மூன்று நாள் இந்த அறையில் கிடந்தபோது பேசியது. அன்று ஒரு பக்கம் முழுவதும் பேசித் தீர்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவ்வளவு நீளமாக ஒருபோதும் பேசவில்லை. அதனால் புதுப் பேச்சுகள் முன்பகுதியை மட்டும் அழித்திருக்கின்றன, வால் அப்படியே தங்கிவிட்டது. “பழனி… பழனிவேலு… என்னால இங்க முடியலீங்க. நீங்க எங்கயும் வர வேண்டாம். நானே வந்தர்றேன்.”

பெயர்! என் வாயால் சொன்ன பெயர்!

ஆனால் அவர்கள் தேடும் பெயர் உலகத்தில் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்டு ‘நானே வந்தர்றேன்’ என்பதும் இருக்கிறது. ‘அவளே வந்துவிடுகிறாளே, நீ எதற்குப் போக வேண்டும்?’ என்று அந்த அதிகாரி கேட்டால் தீர்ந்தது. இன்னொரு எண்ணமும் வந்தது. எந்த டேப்பையும் கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் விடாத மெக்கானிக் அவர். நான் அனுப்பிய ஒவ்வொரு ‘சௌகரியமா இருக்குதுங்க’வுக்குப் பின்னாலும் இந்த அழுகையைக் கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தேன். ஒரு நிமிடம் அழுத்தினால் போதும், அழிந்துவிடும். பெயரும் சேர்ந்துதான் போகும். கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன், பெயர் எங்கே முடிகிறது என்று பார்க்க. மூன்றாவது தடவை ஓடும்போது எடித் துவைத்த விரிப்புகளோடு வந்து வாசலில் நின்றாள்.

“அது அவர் பெயர்தானே? நீ எழுதிக் காட்டினாயே, பேலனிவெல். சொல்லவே மாட்டேன் என்றாய்?”

தமிழில் ஒரு எழுத்துத் தெரியாத எடித்துக்கு அந்த இரைச்சலுக்குள் அது கேட்டிருந்தது. மீதி என்ன என்று கேட்டாள். இங்கே முடியவில்லை, திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்கிறேன் என்றேன். அவள் விரிப்புகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, “அப்படியா, லவ்? எப்போது காலி செய்கிறாய்? வேறு ஆளுக்குச் சொல்ல வேண்டுமே” என்றாள்.

“இல்லை இல்லை, நான் போகவில்லை” என்றேன் அவசரமாக. சொன்ன பிறகு, அது நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. விரலை எடுத்துவிட்டேன். பெயரை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்ப முடியாது. மறுநாள் ரிஜிஸ்தர் தபாலில், எதையும் அழிக்காமல் அனுப்பினேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு! வார்டில் ஒரு கிழவரின் காய்ச்சலை இரண்டு தடவை அளந்தேன். தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுவேன். ஐந்தாவது வாரம் மறுபடி பாய் கடைப் போன்.

“டேப் ரெக்கார்டரையே தூக்கிட்டுப் போயி அவங்க மேசை மேல வெச்சுப் போட்டுக் காட்டுனேன், புள்ள. நீ அழுவுற எடம் வந்துச்சு. அந்த மெட்ராஸ் அம்மா அதுவரைக்கும் விடாமச் சொல்லிட்டே வந்தவங்க, கம்முனு ஆயிட்டாங்க. அவரு என்னன்னு கேட்டாரு. அப்பறமா இங்கிலீசுல ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னாங்க. எனக்குப் புரியல. அவரு என்னையவே பாத்துட்டிருந்தாரு.”

“அப்பறம்?”

“விசா குடுத்துட்டாங்க, புள்ள.”

“அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்கலீங்களா?”

“கேக்கறதுக்கு வாய் வரலை.”

பாய் போனைப் பிடுங்கிக்கொண்டார். “அம்மணி, நல்லா இருங்க. போறதுக்கு முன்னாடி எங்கூட்டு ரேடியோவை மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

குரங்குத் தொப்பியும் காப்பித் தூளுமாக அவர் வந்து இறங்கினார். பெட்டிக்குள், வேட்டியில் சுற்றிய கேசட். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிட்டிருந்தார். அவை இல்லாவிட்டால் அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது. “ஒவ்வொரு தடவையும் அதக் கேட்டீங்களா?” என்றேன். தலையாட்டினார். “ஏன் சொல்லலீங்க?”

“நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். ஞாபகப்படுத்துனா வந்துருவியோன்னு பயம். ஞாபகப்படுத்தியும் வரலீன்னா, அது அதவிடப் பயம்.”

இப்போது ஒரு டெலிவிஷன் கடையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்காரர்கள் பழுதான டேப் ரெக்கார்டர்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சரிசெய்து முடித்ததும் சோதித்துப் பார்க்க அவர் போடுவது அந்தக் கேசட்டைத்தான், அதுவும் அந்தக் கடைசி நிமிடங்களைத்தான். முன்னறையில் என் குரல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நானே வந்தர்றேன் என்கிறது. எந்த ஊருக்கு வருவதாகச் சொன்னேனோ அங்கே அவர் இல்லை, இங்கே கையில் ஸ்குரூடிரைவரோடு இருக்கிறார். சமையலறையிலிருந்து நான், “ஏனுங்க, சோறு ஆறுதுங்க” என்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும்போது, அவர் முதலில் டேப்பின் பக்கம்தான் திரும்புகிறார்.