நின்றால் நூரும் கார்

“உங்கட காரில ஏறிக் கோயிலுக்குப் போனாலும், குசினியில அடுப்பு மூட்டிப்போட்டு வந்தமாதிரித்தான் மணக்குது. வற்றாப்பளைப் பொங்கலுக்கெண்டு எடுத்த சீலை, அக்கா! மூண்டுதரம் தோய்ச்சும் மணம் போகேல்லை!”

பக்கத்து வளவுப் பூமணி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று இப்படிக் கத்தினாள். “அப்பிடியெண்டால் நடந்து போயிருக்கலாமே” என்று நானும் விடவில்லை.

“நடந்ததுதானே அக்கா! திரும்பி வரேக்க பாதி வழி தள்ளிக்கொண்டெல்லோ வந்தனாங்கள்!”

வாடகைக் கார் ஓட்டுகிறவரின் மனைவிக்கு மானம் என்பது அடுத்த தரிப்பிடம் வரைக்கும்தான். மண்ணெண்ணெயில் கார் ஓடிய வீடுகளில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சண்டைக்காலத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத காலம் அது. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். ஓடும்போது ஓடும். நிறுத்திக் காலை எடுத்தால் காற்றுப்பட்ட கைவிளக்குப் போல நூர்ந்துவிடும். இவர் மல்லாவியில் ஓட்டிய கார் இங்கிலாந்தில் பிறந்தது, என்னைவிட மூத்தது. கொன்வென்றில் பியானோவும் பூவேலையும் படித்த நான் அதற்கு நர்ஸ் ஆனேன்.

அந்த வருடம் எங்களை நம்பி ஒருத்தி இருந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி, எங்களுக்குக் கிட்ட மிளகாய்த் தோட்டம் செய்த லெட்சுமி. அவளுடைய முதற்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், உழவு இயந்திரப் பெட்டிக்குள், ஆம்பிளையள் பார்த்திருக்கப் பிறந்துவிட்டது. இந்தப் பேற்றுக்கு எங்கள் காரைச் சொல்லி வைத்தாள். “இன்னொரு தடவ அந்த மானக்கேடு வேணாங்கம்மா” என்று என் கையைப் பிடித்தாள். காரைத் திருத்துங்கோ என்று நான் இவரை அரிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கண்ணுக்கு மருந்து

சிந்தாமல் விடுவதற்காகப் பெற்றோலைக் கண்மருந்துப் போத்தலில் வைத்திருந்தோம். இவர் சாவியைத் திருப்ப, நான் பொனற்றுக்குள் தலையை விட்டுக் காபரேட்டரின் வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விடுவேன். ஒருநாள் சந்தைக்கு முன்னால், கஞ்சி போட்ட சீலையோடு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இந்தத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, காருக்கும் வெள்ளெழுத்தோ?”

குணம் பார்த்த வைத்தியம்

நூராமல் இருக்க வழி பார் என்று மெக்கானிக் குணத்திடம் கொண்டுபோனோம். காபரேட்டரைக் கழற்றி ஊதினான், அடைப்பில்லை. காற்று எங்கேயாவது களவாக உள்ளே போகிறதா என்று பார்த்தான், அதுவும் இல்லை. மண்ணெண்ணெய்க்குச் சூடு காணாததுதான் வருத்தம் என்று முடிவுகட்டி, அது வரும் குழாயைப் புகைக்குழாயோடு சேர்த்துத் தகரத்தால் சுற்றினான். கடைசியில் ஒரு திருகாணியை முறுக்கினான்.

பிறகு கார் நூரவில்லை, உண்மை. நின்ற இடத்திலெல்லாம் அலறியது. ஒரு செத்தவீட்டு வாசலில் போய் நிற்க, ஒப்பாரி வைத்தவர்கள் அதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நேரே திரும்பிப் போய்க் குணத்தைப் பிடித்துத் திட்டினேன். அவன் ஆறுதலாகக் கையைத் துடைத்தான்.

“அக்கா, மண்ணெண்ணெய் குடிச்சால் நீங்களும் இப்பிடித்தான் கத்துவியள்.”

சிஸ்டர் வந்தா

திருகாணி பழையபடி இளகியது. வேலை என் காலுக்கு வந்தது. இவர் இறங்கிச் சாமான் ஏற்றும்போதெல்லாம், பக்கத்து இருக்கையிலிருந்து நான் ஒரு காலை நீட்டி அக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கோலத்தில் நான் இருக்கையில்தான், கொன்வென்றில் எனக்கு இங்கிலிஸ் படிப்பித்த சிஸ்டர் குடையோடு ஜன்னலடிக்கு வந்தா. சிஸ்டரைக் கண்டால் எழும்ப வேண்டும். பள்ளிக்கூடக் காலம் முழுக்க எழும்பிப் பழகிய உடம்பு. எழும்பினேன். தலை கூரையில் முட்டியது, கால் கழன்றது, கார் நூர்ந்தது. பின் இருக்கையில் நெரிபட்டுக்கொண்டிருந்த சனம் “ஐயோ” என்றது.

“இரும் பிள்ளை, இரும். நீர் எழும்பினால் கார் படுக்குது.”

தீர்த்தம்

லெட்சுமிக்குப் பேற்றுநோக் கண்டது ஒரு மத்தியானம். நன்றாகத்தான் புறப்பட்டோம். தேத்தண்ணிக் கடையடியில் மாடுகள் குறுக்கே வர, கார் நூர்ந்தது. அவள் இருக்கையைப் பிறாண்டினாள். “ஏதாச்சும் செய்யுங்கம்மா!”

காரின் முன்தட்டில் இரண்டு கண்மருந்துப் போத்தல்கள் இருந்தன. ஒன்றில் பெற்றோல். மற்றதில் மடுமாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம். ஒன்றை எடுத்து அவள் உச்சியில் தாராளமாகத் தெளித்தேன். மற்றதைக் கொண்டு ஓடிக் காபரேட்டருக்குள் விட்டேன். இவர் சாவியைத் திருப்பினார், திருப்பினார். இறங்கி வந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். “இஞ்சேரும், என்னத்தை விட்டனீர்?”

மணந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. கடை வாங்கில் நாலைந்து பேர் சுருட்டோடு இருந்தார்கள். “அண்ணை, சுருட்டை அங்கையே நூத்துப்போட்டு ஓடி வந்து தள்ளுங்கோ!” என்று கத்தினேன். அதுவரை ஒருவரிடமும் உதவி கேளாத வாய் அது. இவர் தண்ணீரை ஊதித் துடைத்து விட, அவர்கள் தள்ள, இஞ்சினில் மிச்சமிருந்த சூட்டில் கார் பிடித்துக்கொண்டது. வழி முழுக்க நான் என் முந்தானையால் அவள் தலையைத் துடைத்தேன். பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில், மறைப்புக்குள், மரியாதையாகப் பிறந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் அவளிடம் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவள் பதிலை முழு வாட்டும் கேட்டது.

“நீங்க தெளிச்சது நல்லதாப் போச்சுங்கம்மா. புள்ள ஒரே ஸ்டார்ட்டுல கத்துச்சுங்க!”

ஆக, இந்தத் தொழிலில் நான் ஒழுங்காக ஸ்டார்ட் பண்ணியது ஒரு பிள்ளையை மட்டுந்தான். சிரித்துக்கொண்டிருந்த கட்டில்களைப் பார்த்து, “பிள்ளையள், இதைப் பூமணிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ” என்று கேட்டேன். “பூமணியின்ர வளவு எந்தப் பக்கம், அக்கா?” என்று மூலைக் கட்டிலிலிருந்து ஒருத்தி கேட்டாள்.