டீச்சரிடம் பேசினால் குற்றமில்லை

1. பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடத்தையும் முறையையும் பாடு என்பார்கள். ஊரார் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் வலை போட்டுவிட்டார்.

2. அந்த முறைக்கு உரியவர் ஊர்க் கூட்டத்தில் சொல்லாமல், பொன்னேரிக்குப் போய்ப் போலீசில் புகார் கொடுத்தார்.

3. ஊர் அவர் குடும்பத்தை விலக்கியது. பாடும் கிணறும் கிடையாது. அவர்களோடு பேசுகிறவர்களுக்கும் விலக்கு.

4. அவருடைய தம்பிகள் துடுப்புகளோடு ஊருக்குள் சண்டைக்கு வரப்போவதாகப் பேச்சு எழுந்தது.

5. அவர் மனைவி முதியோர் கல்வி வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. அது அரசாங்க வகுப்பு என்பதால் ஊர் தடுக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், சிவில் டிப்ளமோ முடித்து வேலைக்குக் காத்திருந்தபோது அந்த வகுப்பை நான் நடத்தினேன். அன்றைய பாடம் மனித உரிமைகள். கரும்பலகையில் எண் போட்டு எழுதினேன். மூன்றாவது, குடிநீர். நான்காவது, யாரும் புகார் கொடுக்கலாம்.

விலக்கப்பட்டவள் வாசலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். கூடையில் மீன் விற்கும் பெரியம்மா ஒருவர் வாய் திறந்தார்.

"டீச்சரம்மா, உன்னாண்ட பேசினா அது உன்னாண்ட பேசினதுதானே?"

"ஆமாம்."

"அப்போ உன்னாண்டதான் சொல்றேன். விடியகாலம் கிணத்தாண்ட ஒரு ஈ காக்கா இருக்காது. வாளி அங்கயே கெடக்கும்."

சிரிப்பு எழுந்தது. முறை தவறி வலை போட்டவரின் மனைவியும் அங்கே இருந்தாள். அவளும் என்னைப் பார்த்தே பேசினாள்.

"டீச்சர், எங்க ஊட்டு ஆளு தப்புன்னு ஊட்டுக்குள்ள சொல்லிக்கினுதான் கீறாரு. வெளிய வந்தா வாயில கொழுக்கட்டை."

வாசலோரத்திலிருந்து பதில் என்னிடம் வந்தது. "அத்த கூட்டத்துல சொல்லச் சொல்லு டீச்சர். எங்காளு கேசை வாபஸ் வாங்கிக்குவாரு, தம்பிங்களையும் அடக்கிடுவாரு. போலீசுக்குப் போனதுக்குக் கால்ல மட்டும் வுழ மாட்டாரு."

"டீச்சர், நாலாம் நம்பர்ல கால்ல வுழணும்னு எழுதிக்கீதா?" என்றார் பெரியம்மா.

"இல்லை."

"அவ்ளோதான்."

நான் தயாரித்து வந்த விளக்கம் மீதியிருந்தது. அதைச் சொல்லவில்லை. பெண்கள் அவரவர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில், வலை போட்டவர் தவறை ஒப்புக்கொண்டார். புகார் வாபஸானது. தம்பிகள் வரவில்லை.

சில மாதம் கழித்து எனக்கு மீஞ்சூரில் வேலை கிடைத்தது. நான் கிளம்பிய அன்று ஊரின் நிலை இது: கிணறு பொதுவாகிவிட்டது. எல்லாரும் எல்லாரோடும் பேசுகிறார்கள். காலில் விழாததால் புகார் கொடுத்தவருக்குப் பாடு இன்னும் திரும்பவில்லை. வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார். அடுத்த சீட்டில் சேர்ப்பதாக ஊர்க் கூட்டம் சொல்லியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் இல்லை.