டானிக் மூடிச் சக்கரம்

எனக்கு எந்த ஊரிலும் கால் நிலைத்ததில்லை. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராகப் போனேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், மும்பையில் ஓட்டலில் மேசை துடைத்தேன், தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் கொட்டகையில் மெஷின் ஓட்டினேன். அந்தக் கொட்டகையை மூடியபோது, போவதற்கு வேறு இடமில்லாமல் ஒரு மதாமின் கார் ஷெட்டில் வந்து ஒண்டினேன். மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைக்க வேண்டாம். தமிழ் அம்மாதான். பிரான்சில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவர். அப்படி வந்தவர்களை இங்கே மதாம் என்றுதான் கூப்பிடுகிறோம்.

ஷெட்டில் கார் இல்லை. பொம்மைகள் இருந்தன.

ஊரில் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலிருந்து பழைய பொம்மைகளைக் கேட்டு வாங்கி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குக் கொடுப்பது மதாமின் வேலை. அது இரத்தத்தில் நோய் வந்த குழந்தைகள் இருக்கும் வார்டு. மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள். மொபெட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு போய் பொம்மைகளை எடுத்து வருவதும், கழுவுவதும், வார்டில் கொண்டு சேர்ப்பதும் என் வேலை. படுக்க இடமும் இரண்டு வேளைச் சோறும் உண்டு. இதைவிட மோசமான வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

துணிப் பொம்மை மட்டும் கூடாது. அந்தப் பிள்ளைகளின் உடம்பு எந்தக் கிருமியையும் தாங்காது என்று வார்டு சிஸ்டர் திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனையோ அழகான கரடிகள் அப்படித் திரும்பி வந்து அங்கன்வாடிக்குப் போயின. பிளாஸ்டிக் என்றால் சோப்புத் தண்ணீர், அப்புறம் பிளீச்சிங் தண்ணீர், அப்புறம் மொட்டைமாடி வெயில். கால் கை விரித்துக் காயும் பொம்மைகளைக் காக்கை வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகும்.

அந்தச் சிவப்பு லாரி உப்பளத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது. முழங்கை நீளம் இருக்கும். பின்சக்கரம் ஒன்று இல்லை. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்து மாட்டினேன். சின்ன வயதில் எங்களுக்கெல்லாம் வண்டிச் சக்கரம் அதுதானே. சிஸ்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது செருப்புதான?"

"புதுசா அறுத்தது சிஸ்டர்."

"புதுசா அறுத்தா செருப்பு லட்டு ஆயிடுமா? புள்ளைங்க வாயில வெக்கும்யா. கழட்டு முதல்ல."

சக்கரத்தைப் பிடுங்கிவிட்டு, அங்கேயே காலியாகக் கிடந்த டானிக் பாட்டிலின் மூடியைக் கேட்டு வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு மாட்டினேன். ஓட்டை கொஞ்சம் ஓரமாக விழுந்துவிட்டது. அதனால் லாரியை இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். டக், டக், டக் என்று அது வார்டு முழுக்கக் கேட்கும். சிஸ்டர் நெற்றியைச் சுருக்கினார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மதாம் புதுப் பொம்மைகளாகவே வாங்கினார். பழையதை எல்லாம் வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொன்னார். நான் பழையதைச் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நாலைந்து தாய்மார்கள் மறித்துக்கொண்டார்கள்.

"எங்க தூக்கினு போற?"

"பழசும்மா. புதுசு வந்திருக்குது பாருங்க."

"புதுசு யாருக்கு வோணும்? நீ வெச்சுக்கினு வெளையாடு, போ."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சாக்கைப் பிடித்த கையை ஒருத்தியும் விடவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. உடம்பு தேறி வீட்டுக்குப் போகிற குழந்தை, தான் வைத்திருந்த பொம்மையை அலமாரியில் வைத்துவிட்டுப் போகும். தேறாமல் போகிற குழந்தையின் பொம்மையைச் சிஸ்டர் தாயின் பையில் போட்டு அனுப்பிவிடுவார். அது திரும்பி வராது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஆக, அலமாரியில் இருக்கிற பழைய பொம்மை ஒவ்வொன்றும் ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பி வைத்த பொம்மை. புதுப் பொம்மை இன்னும் யாரையும் அனுப்பவில்லை. எவ்வளவு கீறலும் உடைசலும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாங்கள் அதைக் குப்பை என்று அள்ளிக்கொண்டு போகப் பார்த்தோம்.

மதாமிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எல்லாத்தையும் திருப்பி வெச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இருப்பதிலேயே கிராக்கி அந்தச் சிவப்பு லாரிக்குத்தான். அது போன கட்டிலில் இருந்தெல்லாம் பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

பிள்ளைச்சாவடியிலிருந்து ஓர் அம்மா தன் பெண்ணோடு வந்து சேர்ந்தபோது லாரி வேறொரு பையனிடம் இருந்தது. இந்த அம்மா ரோட்டோரம் மீன் விற்பவள். புருஷன் கடலுக்குப் போகிறவர். பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும். வந்த சில நாளிலேயே அந்த அம்மாவுக்கு லாரியின் கதையை யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அவள் கண் லாரி இருந்த பக்கத்துக் கட்டிலில்தான் இருக்கும். பொறாமை இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவள் ரோட்டைப் பார்ப்பது போன்ற பார்வை. அந்தப் பையன் தேறி வீட்டுக்குப் போன அன்று, அவன் அதை அலமாரியில் வைப்பதற்கு முன்பே இவள் கையை நீட்டிவிட்டாளாம். சிஸ்டர்தான் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பெண் மருந்தில் முடியெல்லாம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்தாலும் வியாபாரத்தை விடவில்லை. மருந்துப் பாட்டில் மூடிகளைச் சேர்த்து லாரியில் ஏற்றியிருந்தாள். பெரிய மூடி வஞ்சிரம், நடுத்தரம் சங்கரா, சின்னது நெத்திலி. கயிற்றைப் பிடித்து கட்டில் கட்டிலாக இழுத்துப் போவாள். டக், டக் என்று கேட்டால் மீன் வருகிறது என்று அர்த்தம்.

"பொம்ம மாமா, மீனு வோணுமா?"

"நேத்து மீனா, இன்னிக்கு மீனா?"

"மூக்கு இல்ல உனக்கு? மோந்து பாரு."

மோந்து பார்ப்பேன். "நாறுதே."

"அது உன் சட்ட நாறுது!"

வார்டே சிரிக்கும். அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இன்னா பேச்சு பேசுது பாருங்கண்ணா. எல்லாம் என்னியப் பாத்துக் கத்துக்கினது." சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை தாங்காது.

லாரி கையில் இருக்கும்வரை அந்த அம்மாவுக்குப் பயமே இல்லை. இரத்தம் ஏற்றினாலும், காய்ச்சல் வந்தாலும், டாக்டர்கள் கூடி நின்று மெல்லப் பேசினாலும், லாரியைத் துடைத்து மகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பாள். வீட்டுக்குப் போனதும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்து மீன் விற்கப் போவதாகச் சொல்வாள். "இவ கூவுனா போதும், எனக்கு வாயி வலிக்காது."

மழைக்காலம் தொடங்கியபோது டக் டக் குறைந்தது. முதலில் கட்டிலைச் சுற்றி மட்டும் ஓட்டினாள். அப்புறம் கட்டில் மேலேயே, போர்வை மேட்டில் ஏற்றி இறக்கினாள். போர்வையில் சத்தம் வராது. ஒரு நாள் நான் போய், "மீனு இல்லியா இன்னிக்கு?" என்று கேட்டேன். "போட்டு கடலுக்குப் போவுல. காத்து அடிக்குது" என்றாள். அவள் அப்பாவின் பேச்சு. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த முறை நான் சாக்கோடு போனபோது கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தது. காலையிலேயே முடிந்துவிட்டது. அலமாரியைப் பார்த்தேன். லாரி இல்லை. சிஸ்டர் என் பக்கம் திரும்பாமல் ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோனவற்றை அடுக்கிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து மொபெட்டை உதைத்தேன், கிளம்பவில்லை. வெகுநேரம் உதைத்தேன். பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்திருந்தேன்.

இனி ஊரை விட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் வழக்கமாகச் செய்வது அது. மதாமிடம் சொல்வதற்கு வாய் வரவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், நான் ஷெட் வாசலில் பொம்மை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்து நின்றாள். தலையில் மீன் கூடை. இறக்கி வைத்து, மீனை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே லாரி இருந்தது.

"கடல்ல போட்டுடச் சொன்னாங்கண்ணா, எங்க சனம். செத்த புள்ள சாமான் வூட்ல இருக்கக் கூடாதுன்னு. துணிமணி எல்லாம் விட்டாச்சி. இத அவங்கப்பா போட்ல எடுத்துக்கினு போனாரு. போட முடியலன்னு திரும்பிக் கொண்ணாந்துட்டாரு. ரெண்டு தபா."

பையோடு என் பக்கம் நீட்டினாள்.

"இத அங்கியே வெச்சிடுங்க."

"எப்படிம்மா வெக்கிறது? அங்க இருக்கிறவங்க..."

"தெரியும்ணா. நானே வாங்க மாட்டேன். செத்த புள்ள பொம்மன்னு தெரிஞ்சா தொடுவனா?" முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எத்தினி புள்ளைங்கள வூட்டுக்கு அனுப்பிச்சி வெச்ச வண்டி இது. எம்புள்ளையோட நின்னு போச்சின்னு ஆவக் கூடாது. நீங்க கேக்குறவங்க கிட்ட எம்பொண்ணு வூட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிடுங்க. நல்லா இருக்கான்னு சொல்லிடுங்க. அது போதும்."

கூடையைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கொடுத்தேன். அவள் போய்விட்டாள்.

லாரியில் மீன் வாடை. சோப்பில் ஊற வைத்தேன், பிளீச்சிங்கில் போட்டேன், வெயிலில் வைத்தேன். மறுபடியும் வாடை அடித்தது. மறுபடியும் கழுவினேன். கழுவும்போது, எதற்குக் கழுவுகிறோம் என்றும் தோன்றியது. மதாம் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ என்ன நெனைக்கிற?" என்றார். எனக்கு நினைக்கத் தெரியவில்லை என்றேன்.

நான் வார்டுக்குள் நுழைந்தபோது சாக்குக்குள்ளேயே அது டக் என்றது. சிஸ்டர் நிமிர்ந்தார். அந்தச் சத்தத்தை அவர் மறந்திருக்க மாட்டார்.

"இத எதுக்குக் கொண்ணாந்த?"

மெல்லச் சொன்னேன், அவள் சொன்னபடியே. சிஸ்டர் லாரியை வாங்கி, டானிக் மூடியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். இத்தனை வருஷம் தேறாமல் போன குழந்தையின் பொம்மை ஒன்றைக்கூட அவர் திரும்ப உள்ளே விட்டதில்லை. வார்டில் அப்போதிருந்த தாய்மார்கள் எல்லோரும் புதியவர்கள். பழைய முகம் ஒன்றுகூட இல்லை. சிஸ்டர் அலமாரிவரை நடந்து போய் நடுத்தட்டில் வைத்தார். வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

உடனே ஓர் அம்மா எழுந்து வந்தாள். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கட்டிலில் மெலிந்த பையன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது பழசுங்களா?"

"ரொம்பப் பழசும்மா."

"யாரு வெச்சிருந்தது?"

"பிள்ளைச்சாவடிப் பொண்ணு ஒண்ணு."

"நல்லாப் போச்சா வூட்டுக்கு?"

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றிருந்தது. சிஸ்டர் திரும்பவில்லை.

"போயிடிச்சிம்மா. அவங்கம்மா கூட உக்காந்து மீனு விக்குது இப்ப. சரியான வாயி."

அந்த அம்மா சிரித்தாள். லாரியை எடுத்துத் தன் புடவையில் ஒரு தரம் துடைத்து மகனிடம் கொண்டு போனாள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னால் டக், டக் என்று கேட்டது. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.

பிறகு ஒரு நாள் வடக்கே பொம்மை எடுக்கப் போனபோது ரோட்டோரம் அந்தப் பிள்ளைச்சாவடி அம்மாவைப் பார்த்தேன். தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பலகை போட்டிருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. மொபெட்டை நிறுத்தினேன்.

"எடுத்துக்கினாங்களாண்ணா?"

"எடுத்துக்கினாங்க. பாகூர் பக்கம் ஒரு பையன்."

"இன்னா லோடு ஏத்துறான்?"

"கரும்பு. ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா எல்லாம் சேத்து வெச்சி அடுக்குறான்."

"கரும்பா?" அவள் கத்தியை நிறுத்தினாள். வாய் சிரிப்பதற்குப் போய், பாதியில் கோணிக்கொண்டது. "மீனு வாடக்கு மேல கரும்பா ஏத்துறான்?"

"வாட எல்லாம் போயிடிச்சிம்மா. நல்லாக் கழுவிட்டேன்."

சொன்னதும் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து செதில் சீவத் தொடங்கினாள்.

"சத்தம்?" என்று கேட்டாள், தலை நிமிராமல்.

"சத்தம் வருது."